53-ல் ஏறினால் நேரு ஸ்டேடியம்

தொண்ணூறுகளில் பூந்தமல்லிப் பக்கத்துக் கரையான்சாவடிக்காரர்கள் பெரிய கால்பந்து ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் 53 நம்பர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வேலப்பன்சாவடி, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை என்று நெடுஞ்சாலை முழுவதையும் அளந்துவிட்டு அது சென்ட்ரல் பக்கம் வரும்போது பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தின் விளக்குக் கம்பங்கள் தெரியும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் டெஸ்ட் கிரிக்கெட் நடந்த பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம்தான் அது. 1993-ல் புதிதாக எழுப்பி, கால்பந்துக்கும் தடகளத்துக்கும் கொடுத்தார்கள். 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி சென்னைக்கு வந்தபோது, இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை 1-0 என வென்று இந்தியா தங்கம் வாங்கியது அங்கேதான்.

அந்த நாட்களில் நம் பக்கத்தில் ஒரு பையன் நன்றாகப் பந்து ஆடினால், எந்த கிளப் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். “வேலை கிடைச்சிடுச்சா?” என்பதுதான் கேள்வி. சென்னை லீக் என்பது அலுவலகங்களின் லீக். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, கஸ்டம்ஸ், வருமான வரித்துறை, ஏ.ஜி. ஆபீஸ் என்று அணிகளின் பெயர்களே அதைச் சொல்லும். காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸில் கையெழுத்து, சாயங்காலம் ஆட்டம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உள்ளே போனவனுக்கு முட்டி போனாலும் சம்பளம் போகாது. அந்தப் பாதுகாப்பை நான் இன்றைக்கும் குறைத்துப் பேச மாட்டேன். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்த கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோல். அவர் தலைமுறைத் தமிழ் வீரர்களை வளர்த்தது இப்படிப்பட்ட வேலைகளும் அலுவலக அணிகளும்தான்.

ஆனால் அந்த அணிகளுக்கு ஊர் கிடையாது. இந்தியன் வங்கி தோற்றதற்காகக் கரையான்சாவடியில் ஒருவர்கூடச் சோறு இறங்காமல் படுத்ததில்லை. ஆள் எடுப்பது குறைந்ததும் அணி மெலிந்தது. அதைத் தட்டிக்கேட்க ரசிகர் என்று யாரும் இல்லை.

2014-ல் ஐ.எஸ்.எல். என்ற புது லீக்கில் சென்னையின் எஃப்.சி. வந்தது எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. அபிஷேக் பச்சன், தோனி, வீடா டானி உரிமையாளர்கள். இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த மார்கோ மட்டராஸி வீரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டா ஓய்வை விட்டு எழுந்துவந்து ஆடினார். டிரங்க் ரோடு டீக்கடைகளில் அதுவரை கிரிக்கெட்டின் மஞ்சள் டி-ஷர்ட் மட்டுமே பார்த்திருந்தோம். நீல ஜெர்சி தென்பட ஆரம்பித்தது. சென்னைக்கு ஒரு கால்பந்து கிளப், அதற்கு ரசிகர்கள், அவர்களுக்கென்று கோஷங்கள். எனக்கு அது ஒரு கனவு நிஜமானது போலத்தான் இருந்தது.

2015 டிசம்பரை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க முடியாது. செம்பரம்பாக்கம் ஏரி நமக்குக் கூப்பிடு தூரம். ஒன்றாம் தேதி ராத்திரி அந்த ஏரித் தண்ணீரும் சேர்ந்து அடையாறு பொங்கியது. நகரமே தண்ணீரில் நின்றது. சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைச் சென்னையின் அணி புனேயில் போய் ஆடியது. கொல்கத்தாவை 3-0 என அடித்தார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என முன்னே போனது. முடிந்தது என்று டி.வி.யை அணைக்கப் போனவர்கள் உண்டு. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பரின் கை பட்டே பந்து உள்ளே போனது. 92-ல் ஸ்டீவன் மெண்டோசா. 3-2. வீட்டுக்குள் இன்னும் சேறு காயாத ஊருக்கு அந்த வெற்றி என்னவாக இருந்தது என்பதை இந்தப் பக்கம் இருந்தவர்களிடம் கேட்டால் தெரியும். 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தி இரண்டாவது பட்டம். 2020-ல் கொரோனாவால் ஆளில்லாத அரங்கில் ஒரு இறுதித் தோல்வி. அதற்குப் பிறகு கோப்பை பக்கம் போகவில்லை.

இதே காலத்தில் சென்னையின் பெயரைச் சுமந்த இன்னொரு கிளப் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. 1946-ல் நுங்கம்பாக்கத்தின் பெயரில் தொடங்கிய உள்ளூர் அணி, பிற்பாடு சென்னை சிட்டி எஃப்.சி. ஆகி, 2016-17-ல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கில் நுழைந்தது. நட்சத்திரங்களை வைத்துக் கட்டியது அல்ல. சென்னை, குமரி மாவட்டப் பையன்களை வைத்துக் கட்டியது. தூத்தூர்க் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் 2017-18-ல் அந்த லீக்கின் சிறந்த நடுக்கள வீரர். மறு வருடம் சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், பெட்ரோ மான்சி 21 கோல் அடிக்க, பட்டம் கடைசி நாள் வரை இழுத்தது. 2019 மார்ச் 9. மினர்வா பஞ்சாப் மூன்றாவது நிமிடத்திலேயே கோல் போட்டுவிட்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. அது வென்று, இங்கே ஜெயிக்காவிட்டால் பட்டம் கொல்கத்தாவுக்கு. மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் கிளப் அந்த ஆண்டு இதில் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது.

அந்த ஆட்டம் நடந்தது கோயம்புத்தூரில். 2017-லேயே அணி அங்கே போய்விட்டது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா கிளப்பைச் சந்தித்தபோது, ‘சொந்த’ ஆட்டத்தை அகமதாபாத்தில் ஆடி 1-0 எனத் தோற்றது. 2020-21-க்குப் பிறகு ஐ-லீக்கில் அந்தப் பெயரே இல்லை. பட்டம் வென்ற இரண்டே ஆண்டுகளில் மறைந்த கிளப் அது. 53-ல் ஏறிப் பார்க்க முடியாத தூரத்தில் ஒரு சென்னை அணி வாழ்ந்தது, வென்றது, போயும் போனது. எழுபது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு பெயருக்காக இங்கே ஒரு தெருவில்கூடக் குரல் எழவில்லை என்பதுதான் எனக்கு வலி.

இந்த இடத்தில் தாஷ்கண்ட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1956-ல் அங்கே தொடங்கிய பக்தாகோர், சோவியத் முதல் பிரிவில் ஆடிய உஸ்பெக் கிளப். 1979 ஆகஸ்ட் 11-ல் மின்ஸ்க் நகரில் ஆட்டத்துக்கு அணி போகும் வழியில், உக்ரைன் வானத்தில் இரண்டு டூ-134 விமானங்கள் மோதிக்கொண்டன. 178 பேர் இறந்தார்கள். அவர்களில் 17 பேர் பக்தாகோர் வீரர்களும் குழுவினரும். ஒரு கிளப்பின் ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய மொத்தமாகப் போய்விட்டார்கள். அந்தப் பருவம் நிற்கவில்லை. மற்ற கிளப்புகள் ஆட்களைக் கொடுத்தன. மூன்று ஆண்டுகளுக்கு பக்தாகோர் கடைசியில் வந்தாலும் கீழ்ப்பிரிவுக்கு இறக்குவதில்லை என்று லீக் முடிவு செய்தது. 1982-ல் அவர்கள் ஆறாவது இடம். அந்த ஆண்டு லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் பக்தாகோரின் ஆந்த்ரே யாகுபிக், 23 கோல். சோவியத் யூனியனே சிதறிய பிறகும் கிளப் நிற்கிறது. உஸ்பெக் லீக்கில் அதற்கு நிகராகப் பட்டம் வென்ற கிளப் இல்லை.

உஸ்பெக்குகளும் பணத்தின் வழியில் போய்ப் பார்த்தவர்கள்தான். 2005-ல் பிறந்த புன்யோத்கோர் கிளப் 2008-ல் ரிவால்டோவைக் கொண்டுவந்தது. ஸீகோவும் ஸ்கொலாரியும் பயிற்சியாளர்களாக வந்து போனார்கள். பெரிய பெயர்கள் போன பின் அந்த கிளப்பின் உயரமும் இறங்கியது. நமது 2014-ஐ அங்கே ஆறு ஆண்டு முன்னதாகவே வாழ்ந்து பார்த்துவிட்டார்கள். வித்தியாசம் அடியில் இருக்கிறது. தலைநகரை விட்டு வெகுதூரத்தில் கார்ஷி என்ற ஊரின் நசாஃப் கிளப், 2021 செப்டம்பரில் கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பை அரையிறுதியில் நம் மோகன் பகானை 6-0 என்று வென்றது. இடைவேளைக்குள்ளேயே ஐந்து கோல். ராத்திரி அந்த ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் உறுத்துகிறது. சிறுவர் அகாடமிகளில் போட்டதை அவர்கள் அறுவடை செய்கிறார்கள்: 2023-ல் இருபது வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, 2025-ல் பதினேழு வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பை, 2025 ஜூனில் முதல் முறையாக உலகக் கோப்பைத் தகுதி.

இங்கே 2025 எப்படிப் போனது? இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் ஐ.எஸ்.எல். நடத்தும் நிறுவனத்துக்கும் 2010-ல் போட்ட பதினைந்து வருட ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது. அடுத்தது என்ன என்று யாருக்கும் உறுதி இல்லாததால் லீக் தொடங்கவே இல்லை. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் முதல் அணியின் வேலைகளை நிறுத்திவைத்தது. லீக் ஒரு வழியாக 2026 பிப்ரவரியில்தான், சுருங்கிய வடிவில் தொடங்கியது. விமானம் எதுவும் விழவில்லை. ஒரு தாள் காலாவதி ஆனது, அவ்வளவுதான்.

இன்றைய கரையான்சாவடியில் ஆவடி ரோடு பிரியும் முனைக்குப் பக்கத்தில் மெட்ரோ தூண்கள் எழுந்து நிற்கின்றன. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரையிலான வழித்தடத்தில் நம் ஊர் பெயரிலேயே ஒரு நிலையம். முன்பு கோடையில் ஏரி வற்றினால் ஏரியே மைதானம். செருப்பு இரண்டு வைத்தால் கோல் போஸ்ட். இப்போது ஏரிக்கரை வரை வீடுகள். பையன்கள் வலை கட்டிய டர்ஃபில், மணிக் கணக்குக்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, ஐவர் ஆட்டம் ஆடுகிறார்கள். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சத்தில் ஓடுகிறார்கள். பந்தை நிறுத்தும் விதம், பாஸ் கொடுக்கும் வேகம் எல்லாம் அன்றைய எங்களைவிட எவ்வளவோ மேல். யூடியூபில் பார்த்துக் கற்றவர்கள். ஆனால் காசு இல்லாத பையன் வலைக்கு வெளியே நிற்கிறான். ஏரியில் அவனை யாரும் வெளியே நிறுத்தியதில்லை.

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் மூன்றுக்கும் சேர்த்துப் பதின்மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ஒரு லீக் வேண்டும். கோடை முகாம் போதாது. ஜூனில் தொடங்கிப் பிப்ரவரி வரை ஓடும் லீக். பள்ளி மைதானங்களைச் சனி, ஞாயிறு திறந்துவிட்டால் இடம் கிடைத்துவிடும். முன்பு அலுவலக அணிகளில் ஆடி ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். பயிற்சிக்குக் கூப்பிட்டால் வருவார்கள். மெட்ரோ வழியாக நகரத்துப் பிள்ளைகளும் இங்கே வந்து ஆடலாம். நகராட்சியிடமும் மாநகராட்சிகளிடமும் இந்த வருடமே இதைக் கேட்க வேண்டும்; நான் கேட்கத் தொடங்கிவிட்டேன்.