டைட்டில் இல்லாத வண்டிக்கு ஒரு ஜாமீன்

டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணைக் கொட்டகைகளில் ஆண்டுக்கணக்காகத் தூசி படிந்து நிற்கும் பிக்கப் வண்டிகள் உண்டு. வாங்கியவர் காலமாகியிருப்பார், பிள்ளைகள் வேறு ஊரில் குடியேறியிருப்பார்கள். வண்டி ஆசை பிடித்த ஒருவர் விலை பேசிப் பணம் கொடுத்து, கையால் எழுதிய ரசீது ஒன்றோடு அதை வீட்டுக்கு இழுத்து வருகிறார். எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, பிரேக்கைச் சரிபார்த்து, டயர் மாற்றி, ஓட்டத் தயாராகும்போது சிக்கல் முளைக்கிறது. வண்டி அவர் வாசலில்தான் நிற்கிறது. அது அவருடையது என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

நம் ஊரில் ஆர்.சி. புத்தகம் ஒன்றே வண்டி யார் பெயரில் இருக்கிறது என்பதையும், அது சாலையில் ஓடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். அமெரிக்காவில் இந்த இரண்டும் தனித்தனிக் காகிதங்கள். சாலையில் ஓடுவதற்கு ரிஜிஸ்ட்ரேஷன், உரிமைக்கு டைட்டில். விற்பவர் டைட்டிலில் கையெழுத்துப் போட்டு வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும். வண்டிமேல் கடன் இருந்தால் கடன் கொடுத்த வங்கியின் பெயரும் அதில் ஏறியிருக்கும்.

டைட்டில் தொலைந்துபோவது பெரிய விஷயமல்ல. பெயருக்கு உரியவர் விண்ணப்பித்தால் நகல் கிடைத்துவிடும். அவர் உயிரோடு இல்லாதபோதும், எங்கே இருக்கிறார் என்றே தெரியாதபோதும்தான் வழி அடைபடுகிறது. ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டைட்டிலை வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமலேயே மூன்றாம் ஆளுக்கு விற்றுவிடுவதும் உண்டு. ‘டைட்டில் ஜம்பிங்’ என்று அங்கே சொல்கிறார்கள். அது சட்டவிரோதம். ஆனால் அகப்பட்டுக்கொண்டு முழிப்பவர், நியாயமாகப் பணம் கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆள்.

அதிகாரிக்கும் இது சங்கடம்தான். கேட்டவுடன் டைட்டில் கொடுத்தால் நாளைக்கு உண்மையான சொந்தக்காரர் வந்து நிற்கலாம். மறுத்தால், நேர்மையாக வாங்கியவரின் பணமும் உழைப்பும் வீண். இந்த இரண்டுக்கும் நடுவே அமெரிக்க மாநிலங்கள் பல கண்டுபிடித்த வழிதான் பாண்டெட் டைட்டில்: ‘சொந்தக்காரர் யார் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, நீங்கள் ஒரு ஜாமீன் கொண்டுவாருங்கள், டைட்டில் தருகிறோம்.’

அந்த ஜாமீனை, அதாவது பாண்டை, மாமாவோ மச்சானோ போட முடியாது; அதற்கென்று உரிமம் பெற்ற பிணை நிறுவனம் போட வேண்டும். பின்னால் யாராவது வந்து ‘இந்த வண்டி என்னுடையது’ என்று நிரூபித்தால், அவருக்கு நேர்ந்த நஷ்டத்தை பாண்டுத் தொகை வரை நிறுவனம் கொடுக்கும். கொடுத்த கையோடு, அந்தப் பணத்தை பாண்டு வாங்கியவரிடம் கேட்டு வசூலிக்கும். பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. கட்டணம் கட்டுவதால் இதை இன்சூரன்ஸ் என்று நினைத்துவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் கட்டணம் கட்டுபவரைக் காப்பாற்றும். பாண்டு காப்பாற்றுவது மற்றவர்களை: முந்தைய சொந்தக்காரரை, கடன் கொடுத்தவரை, நாளைக்கு இதே வண்டியை வாங்கப்போகிறவரை.

டெக்சாஸில் நடைமுறை தெளிவாக இருக்கிறது. வண்டி விண்ணப்பிப்பவரின் கைவசம் இருக்க வேண்டும். அவர் அந்த மாநிலத்தில் வசிப்பவராகவோ, ராணுவப் பணியில் அங்கே இருப்பவராகவோ இருக்க வேண்டும். இனி ஓடவே லாயக்கில்லை என்று முத்திரை விழுந்த வண்டிக்கு இந்த வழி கிடையாது. பத்து ஆண்டுக்கு உட்பட்ட கடன் பதிவு இருந்தால், கடன் கொடுத்தவரிடம் விடுதலைக் கடிதம் வாங்காமல் நகர முடியாது. வண்டி எப்படிக் கைக்கு வந்தது என்று ஒரு படிவத்தில் எழுதி, 15 டாலர் கட்டணத்தோடு மோட்டார் வாகனத் துறையின் வட்டார அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். துறை வண்டியின் மதிப்பை நிர்ணயித்து, அதைப் போல் ஒன்றரை மடங்குக்கு பாண்டு கேட்கும். வண்டியின் மதிப்பு 8,000 டாலர் என்றால் பாண்டு 12,000 டாலர். நஷ்டத்தோடு நியாயமான வக்கீல் கட்டணமும் பாண்டுக்குள் அடங்க வேண்டும் என்கிறது சட்டம். 12,000 டாலரையும் யாரும் கையில் எண்ணி வைக்க வேண்டியதில்லை. அதில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் பிணை நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டினால் போதும். பிறகு பாண்டையும் மற்ற காகிதங்களையும் கவுன்டி வரி அலுவலகத்தில் கொடுத்தால் டைட்டில் வரும், பாண்டெட் என்ற குறிப்போடு.

பாண்டுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. அதற்குள் யாரும் உரிமை கோரி வராவிட்டால் பாண்டு காலாவதியாகும். குறிப்பு இல்லாத டைட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

எல்லா மாநிலமும் ஒரே கணக்கு வைத்திருக்கவில்லை. கொலராடோ மதிப்பைப் போல் இரண்டு மடங்கு கேட்கிறது. கலிபோர்னியா 5,000 டாலரும் அதற்கு மேலும் பெறும் வண்டிகளுக்கு மட்டும் பாண்டு கேட்கிறது. வெர்மான்ட்டில் வேறொரு கதை. பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு அங்கே டைட்டிலே தேவையில்லை. ரிஜிஸ்ட்ரேஷனே உரிமைக் காகிதமாகச் செல்லும். வெளிமாநிலத்தாரும் தபாலில் விண்ணப்பித்து அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பழைய வண்டிப் பிரியர்கள் நாடு முழுக்கப் பயன்படுத்திய அந்தக் குறுக்குவழியை 2023இல் மாநிலம் அடைத்துவிட்டது. அதன் பிறகு பலருக்கு எஞ்சியது பாண்டு வழிதான்.

இந்த ஏற்பாட்டுக்குள் திருட்டு வண்டி நுழையாமல் பார்த்துக்கொள்வது வி.ஐ.என். என்ற வண்டி அடையாள எண். 1981 மாடல் முதல் அமெரிக்க வண்டிகளில் இது 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கிறது. ஓட்டுநர் பக்கம், முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில், டாஷ்போர்டின்மேல் ஒரு சிறு தகடாக வெளியிலிருந்தே தெரியும். ஒன்று, பூஜ்யம் ஆகியவற்றோடு குழம்பக்கூடும் என்பதால் ஐ, ஓ, க்யூ மூன்று எழுத்துகளும் அதில் வராது. ஒன்பதாவது இடம்தான் காவல்காரன். மற்ற பதினாறு இடங்களையும் அவற்றுக்குரிய எண்களால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதி அங்கே நிற்க வேண்டும். மீதி 10 என்றால் எக்ஸ் என்ற எழுத்து. யாராவது ஒரு எழுத்தைச் சுரண்டி மாற்றினால் கணக்கு பெரும்பாலும் உதைக்கும். பரிசோதகர்கள் எண்ணோடு தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டையும் பார்ப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் அறுபதுகளின் பிற்பகுதிக் கார்களில் அந்த ரிவெட்டின் தலை இதழ் விரிந்த பூப்போல இருக்கும். அந்த இடத்தில் சாதாரண ரிவெட் இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம் எழும்.

1968 மாடல் செவ்ரோலே கார்வெட் ஒன்று 1969இல் நியூயார்க்கில் திருடுபோனது. 2005இல் கலிபோர்னியாத் துறைமுகத்திலிருந்து சுவீடனுக்குக் கப்பலேறவிருந்த நேரத்தில், அடையாள எண்ணைச் சரிபார்த்த சுங்கத் துறையிடம் அகப்பட்டது. இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும் சட்டத்தின் பார்வையில் சொந்தக்காரர் மாறவில்லை. 2006இல் கார் அவரிடமே திரும்பியது. திருடனிடமிருந்து வந்த வண்டிக்கு எந்தக் காகிதமும் உரிமையை உண்டாக்கிவிடாது. பாண்டும் அதற்கு விலக்கல்ல.

எனவே பாண்டெட் டைட்டில் நேர்மையானவருக்குச் சட்டம் தரும் நல்ல கைத்தாங்கல். அதையே சாக்காக வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. ஹூஸ்டனிலோ டாலஸிலோ படிக்கப் போய் முதல் பழைய கார் தேடும் நம் பிள்ளைகளிடம், ‘டைட்டில் தொலைந்துவிட்டது, நீ பாண்டு போட்டுக்கொள், விலையைக் குறைக்கிறேன்’ என்று யாராவது சொன்னால், அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு தேசிய இன்சூரன்ஸ் குற்றத் தடுப்பு அமைப்பின் தளத்தில் முதலில் பார்க்க வேண்டும், அது இலவசம். அடுத்து, விற்பவரையே நகல் டைட்டில் வாங்கித் தரச் சொல்ல வேண்டும். டெக்சாஸில் சொந்தக்காரர் தபாலில் நகல் கேட்டால் கட்டணம் 2 டாலர்தான். அந்த நகல் வரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.