கோலமாவும் கணிப்பொறியும்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் வழியில் இருக்கிறது ஒட்டன்சத்திரம். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஊர். கேரளத்துச் சமையலறைகளுக்குக்கூட இங்கிருந்து லாரி லாரியாகக் காய்கறி போகிறது. இந்தச் சந்தையில் நடக்கும் கணக்கு வழக்கைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஆனால் அதே ஊரின் வீட்டு வாசல்களில் தினமும் காலையில் நடக்கும் கணக்கைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?

தண்ணீர் தெளித்த வாசல். வரிசை வரிசையாகப் புள்ளிகள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து கோலமாவு கம்பி போல் இறங்குகிறது. கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி வளைகிறது, தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது, எங்கெங்கோ போகிறது. கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடுகிறது. இதுதான் சிக்குக் கோலம். கம்பிக் கோலம் என்றும் சொல்வார்கள். தமிழ்நாடு முழுவதும் பெண்கள் போடுகிற கோலம்தான் இது. படத்தைப் பார்த்துப் போடுவதில்லை. அழித்துத் திருத்துவதும் இல்லை. பிறகு எப்படிச் சரியாக வருகிறது?

இந்தக் கேள்வியை விளையாட்டாக விட்டுவிடாமல், கணிப்பொறி விஞ்ஞானமாகவே எடுத்துக்கொண்டவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள்.

தாம்பரத்தில் ஓர் ஆராய்ச்சி

சென்னையை அடுத்த தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றியவர்கள் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும். இவர்கள் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து எழுதிய ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, கணிப்பொறிப் படங்களுக்கான சர்வதேச ஆராய்ச்சி இதழ் ஒன்றில் 1974-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் பொருள் என்ன தெரியுமா? கோலத்துக்கு இலக்கணம்!

கோலத்துக்கு ஏது இலக்கணம் என்று நீங்கள் கேட்கலாம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று சில விதிகளைத் தெரிந்துகொண்டால் எத்தனை வாக்கியங்கள் வேண்டுமானாலும் அமைக்கலாம் அல்லவா? அதுபோலச் சில சின்ன விதிகளைக் கொண்டு, வரிசையும் நிரலுமாக விரியும் படங்களை உண்டாக்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் நம் வாசல் கோலம்.

யோசித்துப் பாருங்கள். "ஏழு புள்ளி, ஊடுபுள்ளி, நாலில் நிறுத்து" என்று ஒருவர் சொன்னால் கோலம் தெரிந்தவருக்கு அது போதும். நடுவில் 7 புள்ளி. அதற்கு மேலும் கீழும் இடைவெளிக்கு நேராக 6, 5, 4. மொத்தம் 4+5+6+7+6+5+4 = 37 புள்ளிகள். முப்பத்தேழு புள்ளிகளின் இடத்தையும் யாரும் தனித்தனியாக மனப்பாடம் செய்யவில்லை. ஒரு வரி விதியிலிருந்து எல்லாம் தானே விரிகிறது. கணிப்பொறி நிரல் என்பதும் இதைப் போன்ற விதிகளின் தொகுப்புத்தான்.

கிஃப்ட் சிரோமணி இதோடு நிற்கவில்லை. கோலம் போடுகிறவர்களின் கை என்ன செய்கிறது என்று பின்னாளில் கவனித்து ஆராய்ந்தார். நேரே போவது, வளைந்து திரும்புவது, கண்ணி போடுவது என்று ஒரு சில அசைவுகளே எவ்வளவு சிக்கலான கோலத்திலும் மாறி மாறி வருகின்றன.

எத்தனை இழை?

இனி ஒரு வேடிக்கை. நீளவாக்கில் 3, அகலவாக்கில் 2 என்று நீள்சதுரமாக 6 புள்ளிகள் வையுங்கள். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்ப வேண்டும். விதி அவ்வளவுதான். போட்டுப் பார்த்தால் கையை எடுக்காமல் ஒரே இழையில் கோலம் முடிந்துவிடும்.

அடுத்து 3-க்கு 3 வையுங்கள். ஒரு இழை முடிந்த பிறகும் கோலம் முடியாது! மூன்று தனித்தனி இழைகள் தேவைப்படும். 4-க்கு 2 வைத்தால் இரண்டு இழை. 5-க்கு 3 வைத்தால் மறுபடியும் ஒரே இழை. இது என்ன மாயம்?

மாயம் இல்லை, கணக்குத்தான். பைகள் இல்லாத ஒரு கேரம் பலகையைக் கற்பனை செய்யுங்கள். ஸ்டிரைக்கரை 45 டிகிரி சாய்வாக அடித்தால் ஓரத்தில் பட்டுப் பட்டுத் திரும்பும். கோலத்தின் இழையும் அப்படித்தான் ஓடுகிறது.

ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சாய்சதுரம் போல நான்கு துண்டுக் கோடுகள் உண்டு. 3-க்கு 2 கோலத்தில் 6 புள்ளி. ஆகவே மொத்தம் 24 துண்டுகள். இழை இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் போக, புள்ளிக்கு 2 வீதம் 6 துண்டு, திரும்பி வர 6, ஆக 12. மேலும் கீழுமாக ஒரு சுற்று வர 8 துண்டு. இரண்டு சுற்றும் ஒருசேர முடியும்போதுதான் இழை புறப்பட்ட இடத்தை அடையும். 12, 8 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 24. ஆகவே 24 துண்டுகளும் ஒரே இழையில் தீர்ந்துவிடுகின்றன!

3-க்கு 3 கோலத்தில் 36 துண்டுகள். ஆனால் 12, 12 இரண்டும் 12-லேயே ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. 36 ÷ 12 = 3 இழை. எந்த நீள்சதுரத்துக்கும் இப்படிக் கணக்கிட்டால் முடிவு ஒன்றுதான்: இழைகளின் எண்ணிக்கை இரு பக்கப் புள்ளிகளின் மீப்பெரு பொது வகுத்தி. பள்ளிக்கூடத்தில் மீ.பொ.வ. கண்டுபிடிக்கச் சொன்னால் "இது எதற்கு உதவும்?" என்று கேட்பீர்களே, இதோ வாசலிலேயே உதவுகிறது.

ஆப்பிரிக்காவின் அங்கோலா நாட்டில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்து, அதைச் சுற்றிக் கோடு இழுத்துக் கதை சொல்வார்கள். அந்தப் படங்களுக்கு 'சோனா' என்று பெயர். அங்கேயும் இதே மீ.பொ.வ. கணக்குப் பொருந்துகிறது. கண்டம் வேறு, கை வேறு, கணிதம் ஒன்று.

பாசியிலிருந்து கோலத்துக்கு

1968-இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியல் அறிஞர், பாசி போன்ற எளிய உயிர்கள் வளர்வதை எழுத்துகளால் விளக்கினார். "'அ' என்று இருந்தால் 'அஆ' என்று மாற்று, 'ஆ' என்று இருந்தால் 'அ' என்று மாற்று" என்பது ஒரு விதி. அ, அஆ, அஆஅ, அஆஅஅஆ என்று வளரும். எழுத்துகளை எண்ணுங்கள்: 1, 2, 3, 5, அடுத்தது 8!

இந்த எழுத்துகளுக்குப் பதிலாக "முன்னே போ", "திரும்பு" என்ற கட்டளைகளை வைத்தால் கணிப்பொறித் திரையில் படம் வளரும். திரையில் நகரும் அந்தப் பேனாவுக்கு விஞ்ஞானிகள் வைத்த செல்லப் பெயர் 'ஆமை'. கமலா கிருத்திவாசனும் கனடாவில் பணியாற்றிய புருசின்கியெவிச் என்ற அறிஞரும் மற்றொருவரும் சேர்ந்து, கோலங்களையும் கர்நாடக இசையையும் இம்முறையில் உண்டாக்குவது பற்றி 1989-இல் எழுதினார்கள். ஒரு சிறு வடிவத்தின் இடத்தில் அதே போன்ற நான்கை இணைத்து வளரும் 'கிருஷ்ணர் கொலுசு' என்ற கோலம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. பாசிக்காகப் பிறந்த விதி, நம் வாசலில் வந்து நின்றது!

அழியும் கோலம், அழியக்கூடாத விதி

கோலம் சாயங்காலத்துக்குள் அழிந்துவிடும். எறும்பு தின்னும், கால் மிதிக்கும், காற்று அடித்துப் போகும். அதனால்தான் விதி கையில் இருந்தாக வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் மறுபடியும் போட வேண்டுமே!

இப்போது கடைகளில் ஒட்டுக் கோலம் கிடைக்கிறது. வாசலில் ஒட்டிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். அவசரத்துக்கு வசதிதான். ஆனால் அதில் இருப்பது படம் மட்டுமே. 7 புள்ளிக் கோலத்தை 9 புள்ளியாகப் பெரிதாக்கு என்றால் ஒட்டுக் கோலத்துக்குத் தெரியாது. உங்கள் அப்பத்தாவுக்கோ அம்மாச்சிக்கோ தெரியும். புதுக் கோலங்கள் பிறப்பது அந்த அறிவிலிருந்துதான். அதை யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளாவிட்டால் ஒரு தலைமுறையிலேயே போய்விடும்.

ஆகவே மாணவ நண்பர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு சிக்குக் கோலம் போடச் சொல்லுங்கள். முடிந்த படத்தை மட்டும் வரைந்துகொள்ளாதீர்கள். எங்கே தொடங்கினார்கள், எங்கே திரும்பினார்கள், பெரிதாக்க என்ன செய்வார்கள் என்று கேட்டு வரிசையாக எழுதுங்கள். பிறகு 12-க்கு 8 புள்ளி வைத்தால் எத்தனை இழை வரும் என்று அவர்களிடம் பந்தயம் கட்டுங்கள். விடையை முதலில் காகிதத்தில் கண்டுபிடித்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள்!