கடல் கடந்த பட்டமும் நம் இல்லத்துச் சேமிப்பும்

நெய்வேலி நகரியத்தாருக்குப் பிறநாட்டுக் கூட்டுறவு புதிதன்று. 1962ஆம் ஆண்டு மின் உற்பத்தியைத் தொடங்கி, 2020ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற முதல் அனல் மின் நிலையம் சோவியத் நாட்டின் துணையுடன் எழுந்தது. சுரங்கத்தில் மண்ணை அகழ்ந்தெடுத்த இராட்சதச் சக்கர இயந்திரங்களோ ஜெர்மானியரின் கைவண்ணம். இயந்திரத்தோடு அதனை இயக்கும் அறிவும் நம்மவர்க்கு வந்து சேர்ந்தது.

மேலாண்மைக் கல்வியும் இவ்வாறே நம் நாட்டில் வேரூன்றியது. 1961ஆம் ஆண்டு கல்கத்தாவில் தோன்றிய இந்திய மேலாண்மைக் கழகத்திற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும், அதே ஆண்டு அகமதாபாத்தில் தோன்றியதற்கு ஹார்வர்டு வணிகப் பள்ளியும் கைகொடுத்தன. ஒரு தொழிலகத்தில் உண்மையாக எழுந்த சிக்கலை மாணவர்முன் வைத்து, "நீர் மேலாளராயின் என்ன முடிவெடுப்பீர்?" என வினவும் ஹார்வர்டு முறை அவ்வழியே வந்ததாகும்.

நமக்கு அண்மையில் உள்ள சிதம்பரத்திற்கும் இதில் பங்குண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற புதுவயல் பாலச்சந்திரன், அமெரிக்காவின் கெல்லாக் மேலாண்மைப் பள்ளியில் பேராசிரியராக விளங்கி, 2004ஆம் ஆண்டு சென்னையில் கிரேட் லேக்ஸ் மேலாண்மைக் கழகத்தை நிறுவினார். 2021ஆம் ஆண்டு மறைந்தார். அதே பல்கலைக்கழகம் 1979ஆம் ஆண்டு அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. அவ்வாண்டே சென்னை இலொயோலா வளாகத்தில் இயேசு சபையார் வணிக மேலாண்மைக் கழகம் ஒன்றை நிறுவினர்.

பாடம் அஞ்சலில் வரும்; விடுமுறை நாட்களில் நேர்முக வகுப்பு நடைபெறும். இன்று 'கலப்பு முறைக் கல்வி' எனப்படுவதன் முன்னோடி இதுவே. இப்போது அஞ்சற்காரருக்குப் பதிலாகக் கணினித் திரை வந்துள்ளது. இரவு ஷிப்டு முடித்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் அரவத்தினிடையே திரைமுன் அமரும் தந்தையர் நம் வட்டங்களில் உண்டு. (அவர்களுக்குத் தேநீர் வைத்துக் கொடுக்கும் இல்லத்தரசியரும் பாதிப் பட்டத்திற்கு உரியவர்களே!)

இங்குதான் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. "வீட்டிலிருந்தே அயல்நாட்டுப் பட்டம்" என்னும் விளம்பரங்கள் மலிந்துவிட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி இந்திய, அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணைந்து பட்டம் வழங்கலாம். எனினும் அவ்விதிகள் இணைய வழிக்கும் தொலைநிலைக் கல்விக்கும் பொருந்தா. தனியார் கல்வி நிறுவனங்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இணையத்தில் அளிக்கும் பட்டங்களுக்கு அங்கீகாரமில்லை என்று 2023 டிசம்பரில் அக்குழு வெளிப்படையாகவே அறிவித்தது.

அறிவு வளர்ச்சிக்காக ஒரு சான்றிதழ்ப் பாடம் பயில்வது வேறு. பதவி உயர்வை எண்ணிச் சேமநிதியில் கடன் வாங்கிப் பட்டத்திற்குப் பணம் கட்டுவது வேறு. பின்னதைக் கருதுவோர், அப்பட்டமும் அதனை வழங்கும் பல்கலைக்கழகமும் அவ்வாண்டிற்குரிய மானியக் குழுவின் பட்டியலில் உள்ளனவா என்று முதலில் காண்க. தம் நிறுவனம் அதனை ஏற்குமா என்பதைப் பணியாளர் துறையிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுக. நேர்முக வகுப்பு நாட்கள் ஷிப்டு முறையோடு ஒத்துவருமா என்பதையும், கட்டணத்தின் முதல் தவணையைச் செலுத்துமுன்பே வீட்டாருடன் அமர்ந்து பேசி முடிவு செய்க.