முதுகுன்றமும் இருப்புப்பாதையும்

வடமொழியில் 'விருத்தம்' என்பது முதுமை. 'அசலம்' என்பது மலை. திருமுதுகுன்றம் என்னும் தமிழ்ப் பெயரே விருத்தாசலம் என வழங்கலாயிற்று. இவ்வூரில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் சுந்தரர் எடுத்தார் எனப் பெரியபுராணம் கூறும். ஓரிடத்தில் இட்ட பொருளை வேறோரிடத்தில் பெறும் அவ்வியப்பைப் பிற்காலத்தில் இவ்வூரின் அன்றாட வழக்கமாக்கியது இருப்புப்பாதை எனலாம்.

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் பழைய பாதை கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் எனச் சுற்றிச் செல்வது. அச்சுற்றைக் குறைக்க எண்ணிய தென்னிந்திய இரயில்வே, 1920-களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாக நேர்ப்பாதை ஒன்றை அமைத்தது. இதனையே மக்கள் 'கார்டு லைன்' என்பர். கிழக்கே கடலூருக்கும் மேற்கே சேலத்திற்கும் பாதைகள் அமையவே, இவ்வூர் நாற்றிசையும் கூடும் சந்திப்பாயிற்று.

அனுப்புவதற்குரிய பொருளை மண்ணே தந்தது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள அடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. அத்தகைய களிமண்ணோடு அரைத்த கற்பொடிகளைச் சேர்த்துக் கூழாக்கி, அச்சில் வார்த்து, உலர்த்தி, மெருகு பூசிச் சூளையில் சுட்டால் பீங்கானாகும். மின்சாரப் பியூஸ் கட்டைகளும் பொம்மைகளும் இவ்வூரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு சென்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் இங்கு அமைந்தது.

அந்நாளில் இங்குக் கூடிய பாதைகள் யாவும் 1 மீட்டர் அகலமுடையவை. சேலத்தைக் கடந்து செல்லும் பெரும்பாதையோ 1,676 மில்லிமீட்டர் அகலமுடையது. ஆதலால் அப்பாதையில் மேற்செல்லும் சரக்கைச் சேலத்தில் இறக்கி மீண்டும் ஏற்ற வேண்டியிருந்தது. 1990-களின் பிற்பகுதி தொடங்கி நிகழ்ந்த அகலப்பாதை மாற்றம் இத்தடையை நீக்கிற்று.

தடை நீங்குதல் எல்லா ஊர்க்கும் ஒரே பயனைத் தருவதில்லை. ஆஸ்திரேலியாவின் தென்மாநிலத்தில் பீட்டர்பரோ என்னும் சிற்றூர் உண்டு. மூவகை அகலப்பாதைகள் கூடிய அவ்வூர் இரயில்வேத் தொழிலையே நம்பி வாழ்ந்தது. பாதைகள் சீரானபின் அத்தொழில் ஒடுங்கிற்று. எஞ்சின் பணிமனை இன்று அருங்காட்சியகமாகியுள்ளது.

விருத்தாசலம் இன்றும் உயிருள்ள சந்திப்பே. எனினும், பிளாஸ்டிக்கும் புதுவகை மின்கருவிகளும் பீங்கான் பியூஸ் கட்டையின் இடத்தைப் பற்றிக்கொண்டன. வண்டிகள் நின்று செல்வதால் மட்டும் ஓர் ஊர் வாழ்ந்துவிடாது. அவற்றில் ஏற்றி அனுப்பும் பொருளை ஆக்கும் கைகளும் வாழ்தல் வேண்டும். காலத்திற்கேற்ற புதிய பொருள்களை வடிக்க அக்கைகளுக்குப் பயிற்சியும் சந்தையும் தேவை. தமிழ் பயில்வோர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. சூளையடியில் வழங்கும் தொழிற்சொற்களை, அவற்றை அறிந்த முதியோர் வாழும்போதே தொகுத்து வைப்போமாக. சூளை அணைந்தபின் அச்சொற்களை எந்தக் குளத்திலும் தேடி எடுத்தல் இயலாது.