பிள்ளையை ஒப்படைக்கு முன்...

கடலூர், சிதம்பரம், பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் நம் வீடுகள் பலவற்றில் வாப்பா வளைகுடா நாட்டில் இருப்பார். பிள்ளைகளைக் கட்டிக் காப்பது உம்மா ஒருவரே. பதினாறு வயது மகனின் சட்டைப் பையில் கஞ்சாப் பொட்டலத்தைக் கண்டுவிட்டால் அந்தத் தாய் என்ன செய்வாள்? மஹல்லாவுக்குத் தெரிந்தால் மானம் போகுமே என்றஞ்சி, யாரோ சொன்ன "மறுவாழ்வு இல்ல"த்துக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். இரவில் வண்டி வருகிறது. முரண்டு பிடிக்கும் பையனைத் தூக்கிச் செல்கிறார்கள். மூன்று மாதம் பார்க்க வரக்கூடாது என்கிறார்கள்.

அவன் நலத்துக்காகத்தானே என்று கேட்கலாம். தாயின் நோக்கத்தில் எவரும் குறை காணவில்லை. அவள் கையாளும் வழியைத்தான் சட்டம் ஏற்கவில்லை.

2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மது மற்றும் போதைப் பழக்கத்தால் விளையும் மனக்கோளாறுகளையும் மனநோய் என்றே கொள்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரைச் சேர்க்கும் முறையை அதன் 87-ஆம் பிரிவு கூறுகிறது. பிள்ளை சம்மதிக்க வேண்டுமென்பதில்லை. பாதுகாவலரின் விண்ணப்பம் போதும். ஆனால் இரு மருத்துவ வல்லுநர்கள், அவர்களுள் ஒருவரேனும் மனநல மருத்துவராக இருக்க, தனித்தனியே அவனைச் சோதித்து, சேர்த்தே தீரவேண்டும் என்று முடிவுசெய்ய வேண்டும். வெளியிலிருந்தே குணப்படுத்தும் வழிகள் பயன்படவில்லை, அல்லது பொருந்தா என்பது தெளிவாக வேண்டும். அவன் விருப்பத்தையும் கருத வேண்டும். பெரியவர்களோடு ஒரே இடத்தில் தங்கவைக்கலாகாது. 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். வாரியம் நேரில் வந்து அவனிடமே விசாரிக்கலாம்.

நம் தாய்மார்கள் கருத்தூன்ற வேண்டியது இன்னொன்று. சிகிச்சைக் காலம் முழுவதும் பாதுகாவலரோ அவர் நியமிக்கும் துணையாளரோ பிள்ளையுடன் தங்கியே ஆகவேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் இதற்கு விலக்கில்லை. "பார்க்க வரக்கூடாது" என்று சொல்லும் இல்லம், அந்த ஒரு சொல்லாலேயே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பாதுகாவலர் திரும்பக் கேட்டால் பிள்ளையை அனுப்பிவிடவும் வேண்டும். அல்லாஹ் தந்த அமானத்தை எவரோ பூட்டிய கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டுத் திரும்புவது எவ்வாறு தகும்?

ஏர்வாடியை நாம் மறந்திருக்க மாட்டோம். 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட இயலாமல் மாண்டனர். அவர்களும் உறவினரால் "நல்லதற்கே" என்று விடப்பட்டவர்கள்தாம். இன்றைய சட்டத்தின் 95-ஆம் பிரிவு சங்கிலியிடுவதை அறவே தடுக்கிறது.

போலீஸ் வழக்கு வருமோ என்ற அச்சமே பலரை இரகசிய இல்லங்களுக்குத் துரத்துகிறது. சிறிதளவு போதைப் பொருளுடன் பிடிபட்ட அடிமை, தானே முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க, போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு வழிசெய்கிறது. பிள்ளைக்குப் போதைப் பொருளைக் கொடுத்தவனுக்கோ இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு.

சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டிலிருந்தே ஆலோசனை கேட்க 14416. ஏதேனும் இல்லத்தில் பிள்ளை துன்புறுவதாக அறிந்தால் 1098. வழக்கறிஞர் உதவிக்கு 15100. கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். சிறுவர்களுக்கு இவ்வுதவி இலவசம். குடும்ப வருமானம் கேட்கப்படுவதில்லை.