குண்டு விழாமலே காலியான ஊர்!

1942 ஏப்ரல். மெட்ராஸ் மேல் ஒரு குண்டுகூட விழவில்லை. ஆனாலும் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு பூட்டு!

காரணம் இதுதான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 'அடுத்தது நாமதான்' என்று மெட்ராஸ் முடிவு கட்டிவிட்டது. அவசியமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று சர்க்காரும் சொன்னது. மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று, பாவம், சிங்கம் புலிகளைச் சுட்டே கொன்றுவிட்டார்கள். எதிர்பார்த்த ஜப்பான் படை கடைசி வரை வரவேயில்லை. 1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. சேதம் சொற்பம்.

குண்டைவிட பயத்துக்கு வீச்சு அதிகம். சேலத்தில் எங்க செவ்வாய்ப்பேட்டையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'நாளைக்கு லாரி ஸ்ட்ரைக்காம்' என்று காலையில் ஒருவர் கிளப்பிவிட்டால் போதும். லாரி நிற்பதற்கு முன்பே மண்டியில் பருப்பு விலை ஏறிவிடும்!

இதையே யுத்த சாஸ்திரமாக எழுதினார் ஒரு இத்தாலிய தளபதி. பெயர் ஜூலியோ தூஹே. 1921-ல் அவர் போட்ட புத்தகத்தின் சாராம்சம்: 'எல்லையில் சிப்பாயோடு மல்லுக்கட்டாதே. அவன் தலைக்கு மேலே பறந்துபோய் ஊர், ஃபேக்டரி, ரயில்வே எல்லாவற்றையும் அடி. ஜனங்களே பயந்துபோய்த் தங்கள் அரசாங்கத்தைச் சரணடையச் சொல்வார்கள்.' பிரிட்டனில் விமானப்படைத் தலைவர் ட்ரென்சார்டும் ஏறக்குறைய இதே கட்சி.

கவனியுங்கள் சார், இந்தக் கணக்கில் குறி சிப்பாய் இல்லை. டிபன் பாக்ஸோடு ஆபீஸ் கிளம்புகிற நீங்களும் நானும்தான்.

கணக்கு பலித்ததா? 1940 செப்டம்பரிலிருந்து ஏறக்குறைய 2 மாதம் லண்டன் மேல் ராத்திரிதோறும் குண்டு. அடுத்த ஆண்டு மே வரை தாக்குதல் தொடர்ந்தது. பிரிட்டனில் 40,000 பேருக்கு மேல் செத்தார்கள். சரணடையவில்லை. அழுதுவிட்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள். அடிபட்ட அதே பிரிட்டன், 1942 பிப்ரவரியில் ஜெர்மன் ஜனங்களின் மன உறுதியை உடைக்கச் சொல்லித் தன் விமானப்படைக்கு உத்தரவு போட்டது! 1943 ஜூலையில் ஹாம்பர்க் பற்றி எரிந்தது. அப்படியும் ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி 1944 வரை ஏறிக்கொண்டேதான் போனது. பெட்ரோல் ஆலைகளையும் ரயில் பாதைகளையும் அடித்த பிறகுதான் அது படுத்தது என்று, யுத்தம் முடிந்து அமெரிக்கா நடத்திய ஆய்வே சொன்னது.

'ஜப்பான் சரணடைந்ததே?' என்பீர்கள். 1945 மார்ச்சில் ஒரே ராத்திரியில் டோக்கியோவில் சுமார் 1 லட்சம் பேர் வெந்து செத்தார்கள். ஜப்பான் அப்போதும் பணியவில்லை. ஆகஸ்ட்டில் பணிந்தது அணுகுண்டாலா, அதே வாரம் ரஷ்யா போரில் குதித்ததாலா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

ஜனங்களைப் பயமுறுத்துவதற்காகவே தாக்குவது குற்றம் என்று 1977-ல் ஜெனீவா ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்த்தார்கள். காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது.

தூஹேயின் புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயம் மெட்ராஸில் நடந்தது. பயந்து ஓடினவர்கள் கொஞ்ச நாளில் திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்தார்கள். ஊரைக் காலி செய்ய பயம் போதும். யுத்தத்தை ஜெயிக்க அது போதாது.