பொரித்த கோழிக்கும் ஒரு கணக்கு உண்டு



வழக்கமாக இந்தப் பக்கத்தில் வரிப் படிவம், வாடகை உதவி என்று எழுதுகின்ற கணக்காளன் நான். இம்முறை குசினிக்குள் வருகிறேன். சனிக்கிழமை உரையில் வீட்டில் கோழி பொரிப்பது பற்றிச் சொன்ன பிறகு, பல தாய்மார் தொலைபேசியில் அளவுகளைக் கேட்டார்கள். வானொலியில் சொல்லும் இலக்கங்கள் காதில் நிற்பதில்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

கார்ஜ் லே கொனெஸில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பிள்ளைகள் கடைக் கோழியைக் காகிதப் பெட்டியில் வாங்கி வருவார்கள். ஆளுக்கொரு அறையில் இருந்து சாப்பிடுவார்கள். மேசை வெறுமையாகக் கிடக்கும். “வீட்டிலேயே பொரித்தால் என்ன?” என்று மனைவியிடம் கேட்டேன். “இஞ்சாருங்கோ, எண்ணெய்த் தாச்சியை மட்டும் வைக்கச் சொல்லாதேங்கோ. நீங்கள் சொன்ன அந்த ரூம் கதை எனக்கு மறக்கேல்லை” என்றார்.

அந்தக் கதை இதுதான். 1993ஆம் ஆண்டு, லாச்சப்பலுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். இரவு வேலையால் வந்த நண்பர் ஒருவர் கோழி பொரிக்க எண்ணெயை வைத்துவிட்டு, அலுப்பில் கண்ணயர்ந்து விட்டார். தாச்சி தீப்பிடித்தது. இன்னொருவர் பதறிப்போய் வாளித் தண்ணீரை ஊற்றினார். தீ கூரை மட்டும் எழும்பியது. அவருடைய வலது கை வெந்தது. வதிவிட அனுமதி கையில் இல்லாத காலம். மூன்று மாதம் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை.

ஏன் அப்படி நடந்தது? தண்ணீர் எண்ணெயை விடக் கனமானது. அடியில் இறங்கி ஒரு நொடியில் ஆவியாகும். ஆவி, தண்ணீரைப் போல ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். அதுதான் எரிகின்ற எண்ணெயை மேலே வீசுகிறது. எனவே சமையலுக்கு முன் நான்கு விதிகள்:

முதலாவது, ஆழமான, கனத்த பாத்திரம் எடுங்கள். அதில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். இரண்டாவது, அடுப்பை விட்டு நகர வேண்டாம். தொலைபேசி அடித்தால் அடிக்கட்டும். மூன்றாவது, பொருத்தமான மூடியைப் பக்கத்தில் வையுங்கள். தீப்பிடித்தால் அடுப்பை நிறுத்தி, மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, தாச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. நான்காவது, தீ அடங்காவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிக் கதவைச் சாத்தி 18 அல்லது 112ஐ அழையுங்கள். கை சுட்டால் குழாய்த் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசையும் வெண்ணெயும் பூச வேண்டாம்.

இனி அளவுகள். ஐந்து பேருக்கு, தோலோடு கோழிக்கால் துண்டுகள் ஒன்றரைக் கிலோ. “லாபெல் ரூஜ்” கோழி குறைந்தது 81 நாள் வளர்ந்தது, தசை உறுதியானது. அதைக் கூடுதல் நேரம் ஊறவிடுங்கள்.

எங்கள் ஆட்கள் கோழியை மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவுவோம். ஆனால் குழாயின் கீழ் கழுவும்போது தெறிக்கும் துளிகளோடு கிருமிகள் சலாட் கோப்பை வரை போகின்றன. கிருமியைக் கொல்வது சூடுதான், கழுவுதல் அல்ல. மனம் கேட்காவிட்டால் ஒரு பாத்திரத் தண்ணீரில் மெல்ல அலசி, பிறகு தொட்டியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கோழியைக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள்.

ஊறவிட: அரை லீற்றர் மோர். இங்கே “லே ரிபோ” என்று போத்தலில் விற்பது அதுவே. இல்லாவிட்டால் தயிரில் தண்ணீர் கலக்கலாம். அதில் 20 கிராம் உப்பு, நான்கு பல்லு உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு மேசைக்கரண்டி எங்கள் கறித்தூள். குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். மோரின் புளிப்பு தசையை மெல்ல இளக்கும். உப்பு உள்ளே போய் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

நான் முதலில் விட்ட பிழை: வறுத்த கறித்தூளை மாவுக்குள் போட்டேன். எண்ணெயில் கறுத்துக் கைத்துப் போனது. ஏற்கனவே வறுத்த தூள் இன்னொரு முறை நேரே சூட்டைத் தாங்காது. அதை மோரில் மட்டும் போடுங்கள். மாவில் உப்பும் மிளகுத்தூளும் போதும்.

மா: கோதுமை மா 300 கிராம், “மைசேனா” 100 கிராம், “லெவூர் ஷிமிக்” அரைப் பைக்கற்று. சோள மாவில் பசைத்தன்மை இல்லாதபடியால் மேலோடு மொறுமொறுப்பாகும். ஊறிய மோரில் மூன்று கரண்டியை மாவில் தெளித்து விரலால் உதிருங்கள். அந்தச் சிறு கட்டிகள்தான் கடைக் கோழியில் காணும் முரட்டுத் தோல். கோழியை மாவில் அழுத்திப் புரட்டி 20 நிமிடம் வைத்தால் மா கழராது.

சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயை 170 பாகை வரை சூடாக்குங்கள். வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு பாண் துண்டு போடுங்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. ஒரு முறைக்கு மூன்று நான்கு துண்டுகளே போடுங்கள். அதிகம் போட்டால் எண்ணெய் ஆறிவிடும். கோழி எண்ணெய் குடிக்கும். எழும் குமிழிகள் கோழியில் இருந்து வெளியேறும் நீராவி. அது வெளியே தள்ளும் வரை எண்ணெய் உள்ளே போவது குறைவு. துண்டின் பருமனைப் பொறுத்து 12 முதல் 15 நிமிடம். எலும்புக்குப் பக்கத்தில் 74 பாகைக்குக் குறையக் கூடாது. காகிதத்தில் வைக்காமல் கம்பித் தட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் அடிப்பக்கம் ஆவியில் நனைந்துவிடும்.

அமெரிக்காவில் சாண்டர்ஸ் என்பவர் 1939இல் நேரத்தைக் குறைக்க அழுத்தப் பாத்திரத்தில் கோழி பொரித்தார். வீட்டு பிரஷர் குக்கரில் அதைச் செய்து பார்க்கவே வேண்டாம். அது எண்ணெய்க்குச் செய்யப்பட்டதல்ல.

ஆனால் பொரித்த கோழி அவருடைய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகளாய் இருந்த கறுப்பினப் பெண்களின் கைப்பக்குவம் அது. உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு, வர்ஜீனியாவின் கோர்டன்ஸ்வில் தொடருந்துச் சந்தியில் அந்தப் பெண்கள் தலையில் தட்டுச் சுமந்து, வண்டிச் சன்னலோரம் பொரித்த கோழி விற்றார்கள். அந்தக் காசில் வீடு கட்டியவர்களும் உண்டு. சைக்கி வில்லியம்ஸ்-போர்சன் 2006இல் எழுதிய நூலின் பெயரே, கோழிக்கால்களால் வீடு கட்டியதைச் சொல்கிறது. வெறுங்கையோடு வந்து குசினியில் நின்று பிழைத்த எங்களுக்கு இந்தக் கதை விளங்கும்.

கடைசியாக வரவு செலவு. எங்கள் வீட்டில் கடைப் பெட்டிகளுக்குக் கொடுத்த காசில் இரண்டு வெள்ளிக்கிழமை சமைக்க முடிகிறது. பெரிய செலவு எண்ணெய். ஆறிய பின் வடித்து மூடி வைத்தால் மூன்று முறை பாவிக்கலாம். கறுத்தால், நுரைத்தால், சீக்கிரம் புகைந்தால் கழித்துவிடுங்கள். தொட்டியில் ஊற்ற வேண்டாம். போத்தலில் அடைத்து “தெஷெத்ரி”யில் கொடுங்கள். இது அடிக்கடி உண்ணும் சாப்பாடும் அல்ல. மாதத்தில் இரண்டு தரம் போதும்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைகளில் மகன் மா புரட்டுகிறான், மகள் வெப்பமானி பிடிக்கிறாள், மூடியோடு பக்கத்தில் நிற்பது என் மனைவி. சூடு ஆறுமுன் சாப்பிட வேண்டும் என்பதால் எல்லோரும் மேசைக்கு வந்துவிடுகிறார்கள். நீங்களும் செய்து பாருங்கள். முதலில் மூடியைத் தேடி எடுத்து வையுங்கள்.